கூடு ஆறும்வரை

ஊற்றியாகிவிட்டது. இனி ஆற வேண்டும், அவ்வளவுதான், ஆறுகிற பொருளை யாரும் விரட்ட முடியாது என்று சொல்லிக்கொண்டே தவமணி கரண்டியை மணலில் குத்தி நிறுத்திவிட்டு, புடவைக்கு மேல் மாட்டியிருந்த ஞானசேகரின் பழைய சட்டைக் கையில் முகத்தைத் துடைத்தாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பட்டறையில் வேறு ஆள் இல்லை. ஞானசேகர் காலையிலேயே குவாரிக்குப் போய்விட்டான், கல் உடைக்கிற கிரஷரின் தண்டை அங்கேயே வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க. அந்தத் தண்டு படுத்துச் சுற்றுவதற்கான மெத்தை இங்கே இவளுடைய பொறுப்பில். மெத்தை என்றுதான் அவள் சொல்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் பேரிங் என்றால் என்னங்க என்று கேட்டதற்கு அவன் என்னென்னவோ அளந்தான். அவள் விழிப்பதைப் பார்த்துவிட்டுக் கடைசியில், இரும்பும் இரும்பும் உரசினா ரெண்டும் செத்துரும் புள்ள, அதான் நடுவுல மெத்தை போடறோம், மெத்தை தேஞ்சா மாத்திப் போடறோம் என்றான். அது புரிந்தது. அன்றைக்கே வேலையும் பாதி புரிந்துவிட்டது. நீளவாக்கில் பிளந்த பெருமூங்கில் மாதிரி இரண்டு பாதியாக வார்ப்பிரும்புக் கூடு, உள்வளைவில் விரல் தடிமனுக்கு வெள்ளை மெட்டல். தேய்ந்த மெட்டலை உருக்கி வழித்தெடுத்துவிட்டு, கூட்டைச் சோடாத் தண்ணீரில் வேகவைத்துக் கழுவி, நவச்சாரம் தடவி, மெல்லிசாக ஈயம் பூசி, அந்தப் பூச்சு ஈரம் மாதிரி மினுங்கும்போதே புதுசை ஊற்ற வேண்டும். பிடிமானமெல்லாம் அந்தப் பூச்சில்தான். அதில் கை படக்கூடாது. மேல்பாதியை நேற்றே ஊற்றி, தட்டிப் பார்த்து, கோயில் மணி மாதிரி பேசியதைக் கேட்டு, சாக்கு விரித்துப் படுக்க வைத்தாயிற்று. இது கீழ்ப்பாதி. கனம் முழுக்க உட்காருவது இதில்தான். இதில் கை பட்டதா.

பட்டிருக்காது. ஏன் படப்போகிறது, எத்தனை கூடு பூசியிருக்கிறாள். உருகின மெட்டலில் விளக்குமாற்று ஈர்க்கை விட்டு எடுத்துப் பார்த்தாள், கருகாமல், தீப்பிடிக்காமல், பொரித்த அப்பளத்து ஓரம் போலப் பழுப்பாக வந்தது, சூடு சரி. கசடு ஒதுக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தாரையாக, நடுவில் அறுபடாமல் ஊற்றினாள். ஊற்றும்போது மட்டும் அவளுக்கு மனசு என்று ஒன்று இருப்பதில்லை, கண்ணும் மணிக்கட்டும்தான். அந்தக் கொஞ்ச நேரம் சுகம். அதற்கு முன்னால், பூச்சுக்கும் ஊற்றலுக்கும் நடுவில், போன் அடித்தது. அங்கேதான் கொக்கி. அடித்தது செல்வராணி அண்ணி, ஞானசேகரின் அக்கா, ஆவாரங்குடியிலிருந்து. வேறு யாராவது என்றால் அடிக்கட்டும் என்று விட்டிருப்பாள், அண்ணி என்றால் போனுக்கு அந்தப் பக்கம் இவள் மகள் கவிநயா இருக்கிறாள், இடுப்பிலோ காலடியிலோ எங்கேயோ. அதனால் கூட்டை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எடுத்தாள். சாப்டியா, அவன் எங்க, வெயிலு எப்படி என்று ஊர்ப்பட்ட பேச்சுக்கு அப்புறம் அண்ணி சொன்னாள். "புள்ள இங்கயே நல்லாப் பழகிருச்சு தவமணி. திங்கக்கெழமை பால்வாடிக்கு அனுப்பச் சொல்லி டீச்சர் வந்து பேரு எழுதிட்டுப் போயிருக்காங்க. நீ இன்னிக்கு வர்றேன்னியே, வா, வந்து பாத்துட்டுப் போ, என்ன." வந்து பாத்துட்டுப் போ. கூட்டிக்கொண்டு போ என்று இல்லை. அப்போது அவள் இடது கையில் போன், வலது கை எங்கே இருந்தது? போன் பேசும்போது அவளுக்கு ஒரு கை சும்மா இருக்காது, சுவரில் கோலம் போடும், பாவாடை நாடாவை முறுக்கும். கூடு அந்நேரம் ஆறிப்போயிருந்தது, பூச்சு கண்ணாடியாய் உறைந்து அதில் அவள் முகம் அகலமாய்த் தெரிந்தது, அது ஞாபகம் இருக்கிறது. அந்த வளைவு தொட்டில் துணியின் உள்வளைவு மாதிரி, பிள்ளை எழுந்துபோன பிறகும் குழிந்தே கிடக்குமே அது மாதிரி இருந்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது. விரல் போனதா என்பதுதான் ஞாபகம் இல்லை. காலையில் ஊருக்குப் போகிறோமே என்று தலைக்கு எண்ணெய் வைத்தாளே, அந்தக் கை. பேசி முடித்ததும் திரும்ப அடுப்பில் ஏற்றினாள், பூச்சு இளகியது, மினுங்கியது, மறுபடி நவச்சாரம் தடவித் துடைத்தாளா? துடைத்திருப்பாள். கை தானாகச் செய்திருக்கும். வந்து பாத்துட்டுப் போ.

கவிநயாவுக்கு இப்போது இரண்டு வயசு. எட்டு மாசம் வரைக்கும் இதோ இந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில்தான் தொட்டில் கட்டிப் போட்டிருந்தாள். இங்கே கூட்டைத் தட்டினால் அங்கே தொட்டில் அசையும், சில நாள் அழுகை நிற்கும், சில நாள் தூங்குகிறது எழுந்துகொள்ளும். அப்புறம் இருமல் பிடித்தது. வெள்ளை மெட்டலில் ஈயம் இருக்கும்மா, அந்தப் புகை பெரியவங்களுக்கே ஆகாது, பச்சைப்புள்ளையை அதுக்குள்ள வச்சுருக்கியே என்று டாக்டரம்மா திட்டியபோது தவமணி அழவில்லை, சரிங்கம்மா, மாத்திடறோம் என்றாள். இவளுக்கு அம்மா வீடு என்று போக இடமில்லை. அண்ணிதான் மறுநாளே பஸ் ஏறி வந்தாள், எனக்கு ரெண்டும் பயலுவ, ஒரு பொட்டப்புள்ள வீட்டுல ஓடட்டும் என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். நல்ல மனுஷி. அதுதான் சங்கடம், கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டு வாங்கிவந்திருக்கலாம். அந்த முதல் வாரம் தவமணிக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது, மல்லிகைப்பூ வைத்துக் கட்டிப் பார்த்தாள், எங்கோ பக்கத்துத் தெருவில் ஏதோ பிள்ளை அழுதால் சட்டை நனைந்துவிடும், லேத்து பெல்ட் கீச்சென்றாலும் நனைந்தது. பெல்ட்டுக்கெல்லாம் பால் குடுக்கற ஒரே பொம்பளை நீதான் என்றான் ஞானசேகர். அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அவன் மட்டும் வெளியே போய் நின்றுகொண்டிருந்தான். இப்போது அதெல்லாம் வற்றிவிட்டது. உடம்பு சீக்கிரம் பழகிக்கொள்கிறது, அண்ணி சொல்வதும் அதுதானே, பழகிருச்சு. போன தடவை போனபோது வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள் கவிநயா, முழங்கால் புழுதி, காதில் அண்ணி போட்ட சின்னத் தோடு. தவமணிக்கு பஸ்ஸிலிருந்து வந்த வேகம், பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வாரி எடுத்து முகமெல்லாம் முத்தங்கொடுத்தாள். பிள்ளை ஒரு கணம் விறைத்தது. அப்புறம் வீறிட்டது பாருங்கள், ஊரே எட்டிப் பார்த்தது. த்தை, த்தை என்று உடம்பை வில்லாக வளைத்து அண்ணி பக்கம் சாய்ந்தது, அண்ணி தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இவளை ஒரு கண்ணால் பார்த்தது, திருடனைப் பார்ப்பதுபோல. "புது ஆளுன்னா அப்படித்தான் பண்ணும்" என்றாள் அண்ணி, நல்லதாகத்தான் சொன்னாள். புது ஆள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா என்னம்மா ஊருக்கா என்றாள், ஆமாங்க என் மகளைப் பாத்துட்டு வர்றேன் என்றாள். அப்போது அவளே சொல்லியிருக்கிறாள், பாத்துட்டு. கூட்டின் ஓரத்தில் மெட்டல் தோல் கட்டியிருந்தது. நடுவில் இன்னும் இளக்கம். அவள் அதன் மேல் உள்ளங்கையை நீட்டி அனல் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னா தாயி, அடை வெந்துருச்சா?"

இன்னாசி. கிரஷர் மேஸ்திரி. குட்டியானை லோடு வண்டியை வேப்பமரத்து நிழலில் விட்டுவிட்டு, தோள் துண்டால் விசிறிக்கொண்டு வாசலில் நின்றார். எப்போதும் சரியாகப் பசி நேரத்தில் வந்துவிட்டவர் போன்ற முகம் அவருக்கு.

"இப்பத்தான் ஊத்துனேன் மாமா. வெந்துருச்சானு கையை உள்ள விட்டுப் பாருங்களேன்."

"எனக்கு இருக்கறதே ரெண்டு கை. அதுல ஒண்ணைத்தான் எம் பொஞ்சாதி கேட்டுக்கிட்டு இருக்கா, சம்பளத்தோட." அவர் வாசலில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். "மிஷினு நிக்கிதும்மா. லாரிக்காரன் நம்மளைப் பாக்கற பார்வை இருக்கே. ஒரு பக்கெட்டுத் தண்ணிய அது தலையில ஊத்தினா என்னா?"

"ஊத்தலாம். மெட்டலு சுருங்கி, கூட்டை விட்டுப் பிரிஞ்சு, தனியா கழண்டு உங்க கையில வரும். தட்டுல வச்சு எடுத்துட்டுப் போங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் சொன்ன வாய்க்கு அந்தப் பக்கெட்டின் மேல் கண் போனது, கோணிச்சாக்கை நனைத்து வெளிப்பக்கம் மட்டும் லேசாக ஒற்றினால் என்ன என்று போனது. அவளுக்குத்தான் இன்னாசியை விட அவசரம். நாலரைக்கு ஆவாரங்குடி பஸ், அதை விட்டால் இன்று போய்ச் சேர்ந்து திரும்ப வண்டி இல்லை. நாளை விடியலில் புதுவீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். பின்தெருவில் வீடு பிடித்தாகிவிட்டது, இங்கிருந்து புகை போகாத தூரம், நடுவில் ஒரு புளியமரமும் மாவுமில்லும். இரண்டு அறை, சமையல்கட்டில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே யாரோ நட்ட முருங்கை. சுண்ணாம்பு அடித்தது அவள்தான், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. தொட்டில் கொக்கிக்கு இனி வேலையில்லை, பிள்ளை நடக்கிறது, ஆனாலும் கொக்கியில் சுண்ணாம்பு படாமல் துணி சுற்றி வைத்தாள், ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாள். அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறாள், பிள்ளை கிறுக்கும், கிறுக்கினால் துடைக்க வரட்டும் என்று. வீட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் எத்தனை பிள்ளை என்று கேட்டார்கள். ஒண்ணு, ஊருக்குப் போயிருக்கு, வந்துரும். வந்துரும் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல் தேய்ந்து பளபளப்பாகிவிட்டது. நாளை பால் பொங்கும்போது பிள்ளை இடுப்பில் இருக்க வேண்டும், அது பொங்குவதைப் பார்த்துக் கையை நீட்ட வேண்டும், சுடும்டி என்று இவள் தடுக்க வேண்டும், இதைத்தான் ஒரு மாசமாகச் சுண்ணாம்போடு சேர்த்துக் குழைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அங்கே பால்வாடியில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் லீவு வரட்டும், மழை விடட்டும், திருவிழா போகட்டும் என்றுதான் ஆகும். கேட்டு வாங்கப் போகிறவள் ஒவ்வொரு தடவையும் பிடுங்குகிறவளாகத் தெரிவாள். பிள்ளை கண்ணுக்கும் அப்படித்தான் தெரிவாள். அதற்கு வாங்கி வைத்த ரப்பர் யானை பையில் இருக்கிறது. பை கதவோரம் தயாராக இருக்கிறது. கதவுக்கும் கூட்டுக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். சாக்கை நனைக்கவில்லை.

ஆறிற்று. மெட்டல் ஒழுகாமல் சுற்றிப் பூசியிருந்த களிமண் அணைப்பைத் தட்டி உதிர்த்து, நடுவே நிறுத்தியிருந்த உருளையை இன்னாசியோடு சேர்ந்து பிடித்து உருவி எடுத்தாள். உள்வளைவு சொரசொரப்பாக, சாம்பல் வெள்ளையாக, பார்ப்பதற்கு ஒரு குற்றமும் சொல்ல முடியாததாக இருந்தது. கூட்டைச் சணல் கயிற்றில் தொங்கவிட்டாள். சின்னப் பித்தளைச் சுத்தியலை எடுத்து ஓரத்தில் தட்டினாள். கிணிங் என்றது. இழுத்து, நீளமாக, கடைசியில் காதுக்குள்ளேயே போய் முடிகிற சத்தம். கொஞ்சம் தள்ளித் தட்டினாள், கிணிங். அடுத்து, கிணிங். நெஞ்சு லேசானது. பட்டிருக்காது என்று சொன்னேனே. நடுவளைவுக்கு நேரே வெளியில் தட்டினாள். டொக்.

சட்டிப் பானையைத் தட்டினாற்போல, உள்ளே யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டினாற்போல, டொக். மறுபடி. டொக். ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு இடம், அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் மணி. அப்படியானால் பட்டிருக்கிறது. போயிருக்கிறது விரல், அந்த வளைவில், மேலும் கீழும், பிள்ளையின் பிடரியைத் தடவுகிற மாதிரி, வந்து பாத்துட்டுப் போ என்று காதில் கேட்டுக்கொண்டிருந்த அந்நேரம். விரலுக்குத் தெரிந்திருக்கிறது எங்கே போக வேண்டும் என்று, அவளுக்குத்தான் தெரியவில்லை. தலையெண்ணெய் விரல். எண்ணெய் பட்ட இடத்தில் ஈயமும் மெட்டலும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும், ஒட்டாது. கூட நவச்சாரமும் துடைக்கவில்லை போல. பெருமையாகச் சொன்னாளே, கை தானாகச் செய்யும் என்று, தானாகச் செய்ததைப் பாரு.

"என்னா, ஆச்சா?" என்றார் இன்னாசி.

"சத்தம் சரியில்ல மாமா. நடுவுல பிடிக்கல."

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "எங்க? ஒண்ணுந் தெரியலியே. நல்லா லட்டு மாதிரிதான் இருக்கு."

"தெரியாது. கேக்கத்தான் செய்யும்."

"அட, லேத்துல குடைஞ்சு விட்டா வெள்ளிக்கிண்ணம் மாதிரி மின்னப்போவுது, எண்ணெய்க்குள்ள கெடக்கப்போவுது. அதைப் போயி எவன் தட்டிக் கேட்டுக்கிட்டு இருக்கான்? நீதான் ஊருக்குப் போவணும்னு நேத்துலேருந்து குதிச்சுக்கிட்டு இருந்த."

குதித்தாள்தான். இப்போதும் கால் கதவுப் பக்கம்தான் நின்றது. ஞானசேகர் வந்து குடைந்துவிடுவான், அவனும் தட்டிப் பார்க்கலாம், அவள் தட்டிவிட்டாளே என்று தட்டாமலும் விட்டுவிடலாம், அவள் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. கிரஷர் ஓடும். ஒரு மாசம், இரண்டு மாசம். பிடிக்காத இடத்தில் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சேரும், ஒரு நாள் அந்த எலுமிச்சம்பழம் மட்டும் இளகும், இழுத்துக்கொண்டு மற்றதும் போகும், மெத்தை இல்லாமல் இரும்பு மேல் இரும்பு உட்காரும். பக்கத்தில் கல்லைத் தள்ளிவிட்டுக்கொண்டு யாராவது நிற்பார்கள். இன்னாசியேகூட நிற்பார், இதே துண்டோடு. இல்லை, அது முடியாது, அதைப் பற்றி அவள் ரொம்ப யோசிக்கவும் இல்லை. அடுப்பைத் திரும்ப மூட்ட வேண்டும், நாலரை பஸ் போகும், அது அவளை ஏற்றாமல் போகும், அவ்வளவுதான். அவள் மனசு மாட்டிக்கொண்டு நின்றது வேறு இடத்தில். சுத்தியல் இன்னும் கையில் இருந்தது. பிடித்த இடத்தையும் பிடிக்காத இடத்தையும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தாள், கிணிங், டொக், கிணிங். போனிலும் இப்படித்தான் ஓர் இடத்தில் அண்ணியின் குரல் டொக்கென்றது. எங்கே? வா, பாத்துட்டுப் போ என்பதற்கு முன்னாலேயே. போன வாரம், வீடு பிடிச்சாச்சு அண்ணி, ஞாயித்துக்கெழமை பால் காய்ச்சறோம், சனிக்கெழமை நான் வந்து புள்ளையைக் கூட்டிட்டு வந்துர்றேன் என்று இவள் ஒரே மூச்சில் கொட்டினாளே, அப்போது. அண்ணி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சிக்னல் இல்லை என்று நினைத்து இவள் அலோ அலோ என்றாள். சரி என்றாள் அண்ணி. என்னென்ன சொன்னோம் என்று தவமணி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். வீடு சொன்னாள். வாடகை சொன்னாள். பச்சைப் பெயிண்ட்கூடச் சொன்னாள். நீங்க வாங்க அண்ணி என்று சொன்னாளா?

சொல்லவில்லை. ஐயோ, சொல்லவே இல்லை. அவர்கள் பக்கத்தில் புதுவீட்டில் அடுப்பை முதலில் பற்றவைப்பது வீட்டுக்காரனின் உடன்பிறந்தவள்தான், அவள் பால்சொம்போடு வாசலில் கால் வைத்த பிறகுதான் வீட்டுக்காரியே உள்ளே வருவாள். கழுத்தில் மூன்றாம் முடிச்சைப் போட்டது இந்த அண்ணிதான். இவள் பிள்ளையைத் துடைத்து ஊட்டி, இருமலை ஆற்றி, காதுகுத்தி, நடக்கவைத்ததும் அதே கைதான். அந்தக் கையைக் கூப்பிடாமல், பிள்ளையை மட்டும் கொடு என்றிருக்கிறாள். இவளுக்குள் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது, அதைத் தூக்கி அப்படியே ஊற்றினாள், எதிரே கூடு சூடேறியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. பிள்ளையிடமும் அதையேதான் செய்தாள், பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி. பட்டறையில் இத்தனை நாள் என்னத்தைக் கற்றாய் நீ என்று தன்னையே கேட்டுக்கொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"என்னா தாயி, கெட்டுப்போச்சுங்கற, சிரிக்கிற?" இன்னாசி மிரண்டார்.

"மாமா, நீங்க சும்மாத்தானே உக்காந்துருக்கப் போறீங்க?"

"ஏன், என்னை உருக்கி ஊத்தப்போறியா?"

"இருங்க" என்றாள். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். அடித்தது, அடித்தது, அண்ணி எடுத்தாள். "பஸ் ஏறிட்டியா?" என்றாள். குரல் சமமாக இருந்தது, மெழுகிவிட்ட தரை மாதிரி.

"இல்ல அண்ணி. ஊத்தினது கெட்டுப்போச்சு. என்னால இன்னிக்கு வர முடியாது."

"அப்படியா." அந்தப் பக்கம் ஏதோ இறங்கியது, நிம்மதியா வருத்தமா தெரியவில்லை. "அதனால என்ன. அடுத்த வாரம் வந்து..."

"அண்ணி, நான் உங்களை ஒழுங்காவே கூப்பிடல. போன வாரமே கூப்பிட்டுருக்கணும், நேர்ல வந்து தட்டோட கூப்பிட்டுருக்கணும். புள்ள நெனப்புல எனக்குப் புத்தியே இல்ல. நீங்க வந்து அடுப்பு பத்தவைக்காம நான் எப்படிப் பால் காய்ச்சுவேன்? உங்க தம்பி பத்தவைச்சா வீடு பூரா டீசல் நாறும்."

இந்தத் தடவை தவமணி அலோ என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக் கோழிச் சத்தம் கேட்டது, ஒரு பையன் எதையோ கேட்டு நச்சரிப்பது கேட்டது, பிறகு மிகக் கிட்டத்தில் ஒரு சின்ன மூச்சு, போனை நக்குகிற மாதிரி. பாப்பா என்று கூப்பிட நாக்கு நுனிவரை வந்தது. கூப்பிடவில்லை. போன் வைத்திருக்காத கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் என்னத்துக்கு, உங்க வீடு, நீங்க ரெண்டு பேரு..." என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "பால்சொம்பு கேட்டியே, அம்மா சொம்பு இங்கதான் இருக்கு."

"நான் எங்க கேட்டேன்?"

"கேட்டுருக்கணும்ல?" அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்நேரத்துக்கு மேல நான் எப்படிடி வர்றது, இவளையும் தூக்கிட்டு?"

"வண்டி வருது அண்ணி. யானை வண்டி."

இன்னாசி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். போகும்போது, மிஷினு நிக்கிது, மேஸ்திரி பொண்ணு அழைக்கப் போறான், நல்ல கம்பெனி என்று புலம்பிக்கொண்டே போனார், ஆனாலும் முன்சீட்டுக் குப்பையைத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் போனார்.

மறுபடி மூட்டினாள். ஊற்றியதை உருக்கி வழித்தாள். கூட்டைச் சோடாவில் வேகவைத்தாள், கம்பித் தூரிகையால் அந்த எலுமிச்சம்பழத்தை மட்டும் தனியாகக் கோபத்தோடு தேய்த்தாள், பிறகு கோபம் போய்ச் சும்மா தேய்த்தாள். நவச்சாரப் புகை மூக்கில் ஏறியது. ஈயம் இளகி ஓடிப் பரவியது, ஒரு இடம் விடாமல், மினுங்கியது, அதில் அவள் முகம் ஆடியது. விரல் குறுகுறுத்தது, நிஜமாகவே குறுகுறுத்தது. கண்ணாலே பாரு போதும் என்று விரலிடம் சொன்னாள். போனைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தாள். ஈர்க்கு பழுப்பாக வந்தது. ஒரே தாரை. மனசில்லாத அந்தக் கொஞ்ச நேரம் வந்து போனது. அப்புறம் அடுப்பை அணைத்தாள், எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து புகையை விரட்டினாள், தலையோடு குளித்தாள், புகைச் சட்டையை எடுத்து வாளிக்குள் போட்டாள், மஞ்சள் புடவை கட்டினாள். சுத்தியலையும் கழுவினாள். ஊரிலிருந்து ஒரு வண்டி வர எவ்வளவு நேரமாகும் என்று மனசு கணக்குப் போடப் போயிற்று. அதையும் விட்டுவிட்டாள். அண்ணி எந்தப் புடவை கட்டுவது என்று மூன்றை எடுத்துப் போட்டுப் பார்ப்பாள், சொம்பைப் புளி போட்டு விளக்குவாள், பிள்ளைக்குப் பொட்டு வைத்து அதை அழித்து மறுபடி வைப்பாள். வைக்கட்டும். பால்வாடியில் எழுதின பேர்? அதை அப்புறம் அண்ணியே வாய்விட்டுச் சொல்லட்டும். வராமலே போய்விட்டால்? வாசல்வரை வந்து, பாத்தியா அழுவுது, நான் திரும்பக் கூட்டிட்டுப் போறேன் என்றால்? கூடு ஆறிக்கொண்டிருந்தது. கை வைக்கலாம் போல ஆறியும் விட்டது. களிமண்ணை உதிர்த்து, குவாரியிலிருந்து வந்து சேர்ந்த ஞானசேகரோடு சேர்ந்து உருளையை உருவினாள், அவனே வேப்பமரக் கிளையில் கயிறு போட்டு வெளிக்காற்றில் தொங்கவிட்டான். கூட்டையும் பார்த்தான், அவள் புடவையையும் பார்த்தான். அவள் தட்டப்போகும்போதுதான் ரோட்டுத் திருப்பத்தில் ஆரன் கேட்டது.

அண்ணி இறங்கினாள், அரக்குப் பட்டு, ஒரு கையில் துணி கட்டிய சொம்பு, இன்னொரு கையில் கவிநயா. பிள்ளை வண்டியைப் பார்த்து ஆனை என்றது, தகப்பனைப் பார்த்து யோசித்தது, தவமணியைப் பார்த்தது. பார்த்ததும் முகம் சட்டென்று அண்ணி தோளுக்குள் போய்விட்டது. உச்சந்தலைச் சுருள் மட்டும் தெரிந்தது. தவமணியின் கால் இரண்டும் தரையில் இல்லை, ஓடத்தான் பார்த்தன. வாங்க அண்ணி என்றாள், நின்ற இடத்திலேயே. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள், முந்தானைக்குள் விரல்களை முறுக்கிக்கொண்டாள். போய் வாங்கிக்கடி என்று அண்ணி கண்ணால் காட்டினாள், அந்தக் கண்ணிலும் ஈரம் இருந்தது. இருக்கட்டும் அண்ணி, முதல்ல சூடு வரட்டும் என்றாள். யாருக்கும் புரியவில்லை, ஞானசேகர் மட்டும் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டான். அவள் திரும்பி, வேறு வேலையே இல்லாதவள் மாதிரி, சுத்தியலால் கூட்டின் ஓரத்தைத் தட்டினாள். கிணிங். தள்ளித் தட்டினாள், கிணிங். நடுவளைவுக்கு வந்தாள். தட்டினாள். மணி எழுந்தது, இலைகளுக்குள் போனது, வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது. எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்கும், மணிச் சத்தத்துக்கு எது திரும்பாது, தொட்டிலில் கேட்டதெல்லாமா அதற்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். தோளிலிருந்து ஒரு கண் வெளியே வந்தது. அப்புறம் மூக்கு, அழிந்த பொட்டு, வாய். இன்னொரு முறை தட்டினாள். கவிநயா அண்ணியின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, உடம்பை முன்னால் எக்கி, ஒரு கையை விரித்து நீட்டியது. சுத்தியலுக்குத்தான் நீட்டியது. தவமணி சிரித்துக்கொண்டே கிட்டப் போய், தன் கை பிள்ளையின் மேல் படாதபடி, மரப்பிடிப் பக்கமாகக் கொடுத்தாள்.